ஜனவரி நாலாம் தேதிப் பிள்ளை

பெஹாலா, கல்கத்தா
14 மார்ச் 1999, ஞாயிறு

அன்புள்ள மாதவிக்கு அம்மா எழுதிக்கொண்டது. ஆசீர்வாதம்.

இங்கே நான், அப்பா, சபேசன் மூவரும் சௌக்கியம். ஒவ்வொரு கடிதத்திலும் இந்த வரியைப் பேனா தானாகவே எழுதிவிடும், இந்தத் தடவைதான் நிஜமாகவே சௌக்கியமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ஆமாம், சௌக்கியம்தான் என்று எழுதுகிறேன். நீயும் எட்மண்டன் குளிரில் ஜலதோஷம் பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். முதலில் சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. உன் தம்பி செலக்ட் ஆகிவிட்டான். சிட்னி ஒலிம்பிக்குக்குப் போக முதலில் தகுதி ஆட்டங்கள் ஆடி ஜெயிக்க வேண்டுமாமே, அதில் ஆடப்போகும் இருபத்து மூன்று வயதுக்கு உட்பட்ட நம் தேசத்து புட்பால் டீமின் பட்டியலை நேற்று சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஒட்டினார்கள். இருபது பேரில் பதினாலாவது பெயர் அவனுடையது. இதைச் சொல்ல நேற்றே உனக்கு போன் பண்ணலாம் என்று அப்பா சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன். மூன்று நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயமா இது. மேலும் போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன், நீ என்னவோ ஏதோ என்று பயந்துபோவாய். போன மாதம் நீ எழுதிய கடிதமும் வந்து சேர்ந்தது. அதில் நீ கேட்டிருந்ததற்குப் பதில் கடைசியில் இருக்கிறது. நேரே அங்கே தாவாதே, நடுவில் இருப்பதைப் படித்தால்தான் அது புரியும்.

மூன்று வாரமாக உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சொல்கிறேன். பிப்ரவரி கடைசியில் ஒரு சாயங்காலம் சபேசன் செலக்ஷன் கேம்ப்பிலிருந்து வந்தான். எப்போதும் ஷூவைக் கழற்றுவதற்குள்ளேயே பசிக்கிறது பசிக்கிறது என்று பறப்பவன், அன்றைக்கு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு ஷூவின் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அடிபட்டுவிட்டதா என்று கேட்டேன், இல்லை என்று தலையை ஆட்டினான். அப்புறம் மெதுவாக, "அம்மா, என்னை எடுக்க மாட்டா. எனக்கு வயசு ரெண்டு நாள் ஜாஸ்தியாம்" என்றான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வயசு வருஷத்தில் ஜாஸ்தியாகும், நாளில் எப்படி ஜாஸ்தியாகும் என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. பாஸ்போர்ட்டுக்காக எல்லாப் பையன்களின் காகிதங்களையும் வாங்கினார்களாம். இந்த ஊரில் வயசுக்கு எது கேட்டாலும் மாத்யமிக் அட்மிட் கார்டுதான், பத்தாவது பரீட்சைக்குக் கொடுப்பார்களே அந்த அட்டை. இவனுடையதில் 30 டிசம்பர் 1976 என்று இருக்கிறது. ஒலிம்பிக் சட்டப்படி 1977 ஜனவரி ஒண்ணாம் தேதியோ அதற்கு அப்புறமோ பிறந்தவன்தான் ஆடலாம். இரண்டு நாள் முன்னால் பிறந்துவிட்டான், அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம்.

நானும் படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அந்த டிசம்பர் முப்பது நான் போட்ட முப்பது.

நமக்கெல்லாம் அவன் மார்கழித் திருவாதிரை அன்றைக்குப் பிறந்தவன், அதனால்தான் சபேசன் என்று பெயரே வைத்தோம். வீட்டில் களி பண்ணினால் அவனுக்குப் பிறந்தநாள், இங்கிலீஷ் தேதி ஒரு நாளும் நமக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்தத் தேதி உனக்குத் தெரியும், அவனை ஸ்கூலில் சேர்க்கப் போன அன்றைக்கு நீ என்னோடு இருந்தாய். 1981 டிசம்பர், உனக்கு ஒன்பது வயசு. அப்பா அப்போது ஆற்றில் மணல் வாரும் போர்ட் கப்பலில் இருந்தார், பதினைந்து நாளைக்கு ஒரு தடவைதான் கரைக்கு வருவார், அட்மிஷன், ரேஷன், டாக்டர் எல்லாம் என் தலையில். சபேசனை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க உன்னையும் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். ஜனவரி ஒண்ணாம் தேதிக்கு ஐந்து வயசு முடிந்திருக்க வேண்டும் என்று போர்டில் எழுதியிருந்தது. இவன் பிறந்தது ஜனவரி நாலு. மூன்று நாள் குறைகிறது, மூன்று நாளுக்காக ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டும். ஐயோ, ஒரு வருஷம் வீணாகிவிடுமே, கூட ஆடுகிற பிள்ளைகள் எல்லாம் ஒரு வகுப்பு முன்னால் போய்விடுமே என்று எனக்கு ஒரே பதைப்பு. அந்த நாளில் சர்டிபிகேட் எதுவும் கேட்கவில்லை, அம்மாவோ அப்பாவோ தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். டிசம்பர் 30 என்று எழுதினேன். ஏன் முப்பது என்றால், முப்பத்தொண்ணு என்று எழுதினால் பார்த்தாலே பொய் என்று தெரிந்துவிடும் என்று தோன்றியது, அவ்வளவு சாமர்த்தியம் எனக்கு. நீ எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, தம்பி பொறந்தது ஜனவரி நாலுன்னா" என்று வரிசை முழுவதற்கும் கேட்கிற மாதிரி சொன்னாய். உன் கையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். நீ கத்தவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாய். அப்பா கரைக்கு வந்தபோது விஷயத்தைச் சொன்னேன், "அஞ்சு நாளுக்காக ஒரு பொய்யா" என்று கேட்டார். அஞ்சு நாள்தானே, என்ன குடிமுழுகிப் போயிற்று என்று நானும் பதிலுக்குக் கேட்டேன். குடி முழுகப் பதினேழு வருஷம் ஆயிற்று.

மறுநாளே சபேசனை இழுத்துக்கொண்டு சால்ட் லேக் போனேன். வயசுக் காகிதங்களைப் பார்ப்பதற்கென்று தத்தா பாபு என்று ஒரு பெரியவரை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். வெள்ளை வேட்டி, கையில் பூதக்கண்ணாடி. பேச்சு மட்டும் மெத்தென்று இருந்தது. நான் என் ஓட்டை வங்காளியில் நடந்ததைச் சொன்னேன், பிள்ளை பிறந்தது ஜனவரி நாலு, ஸ்கூலில் நான்தான் தப்பாகக் கொடுத்துவிட்டேன் என்று. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சித்தி முறை வைத்து, "மாஷிமா, இந்த நாற்காலியில உட்கார்ந்து எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. சர்டிபிகேட்ல இருக்கிறது தப்பு, பையன் நிஜத்துல சின்னவன்னு" என்றார். கேட்டதும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சபேசன் அப்புறம் சொன்னான், அங்கே வயசைக் குறைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகமாம். கேம்ப்புக்கு வந்த ஒருத்தனுக்குக் கல்யாணமாகி ஸ்கூல் போகிற பிள்ளை இருக்கிறதாம், காகிதத்தில் அவனுக்கு இருபது வயசு. அப்படிப்பட்ட இடத்தில் நான் போய் என் பிள்ளைக்கு ஐந்து நாள் குறையுங்கள் என்று நின்றால் யார் நம்புவார்கள். நிஜத்தைச் சொல்கிறேன், ஆனால் அது அச்சு அசலாக எல்லோரும் சொல்கிற பொய் மாதிரியே இருக்கிறது. நான் செய்த வினை என்னையே பார்த்துச் சிரித்தது. ஆனாலும் தத்தா பாபு ஒரேயடியாகக் கதவைச் சாத்தவில்லை. பதினைந்து நாள் கழித்து வரும் புதன்கிழமை வரைக்கும் நேரம் கொடுத்தார். இரண்டு காகிதம் கேட்டார். ஒன்று, அந்தத் தேதி தாய் எழுதிக் கொடுத்ததுதான், சர்டிபிகேட் எதையும் பார்த்து எழுதியது இல்லை என்று ஸ்கூலின் கடிதம். இன்னொன்று, பிள்ளை பிறந்த அந்தச் சமயத்திலேயே எழுதப்பட்ட ஏதாவது ஒரு சர்க்கார் காகிதம், புதிதாகப் போட்டுக்கொண்டு வரக்கூடாது.

உனக்குத்தான் தெரியுமே, இது வெறும் பந்தாட்டம் என்று நான் எத்தனை நாள் கரித்துக்கொட்டியிருக்கிறேன். பி.காம். முடித்துவிட்டு மைதானத்தில் வெயிலில் காய்கிறான், அவன் வயசுப் பிள்ளைகள் பேங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. ஆனால் இந்த டீமில் இடம் கிடைத்தால் ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு வழி பிறக்கும் என்று பிரிட்டோ சொல்லியிருந்தார். பிரிட்டோவை நினைவிருக்கிறதல்லவா, போர்ட் ஆபீசில் அப்பாவோடு வேலை பார்த்த தூத்துக்குடிக்காரர், போர்ட் டீமில் ஆடினவர், பெஹாலா மைதானத்தில் சபேசனுக்குப் பத்து வயசிலிருந்து காலையில் ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர். வேலைகூட இரண்டாம் பட்சம் மாதவி. இந்த வயசு டீம் என்பது ஒரு தடவைதான், அடுத்த ஒலிம்பிக் வருகிறபோது அவனுக்கு இருபத்தேழு ஆகியிருக்கும். அவனுடைய ஒரே தடவையை நான் பதினேழு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு வரிசையில் நின்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைக்கும்போது பாதிச் சோற்றில் எழுந்துவிடுவேன். அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. தினமும் காலையில் வழக்கம்போல் மைதானத்துக்குப் போனான், வந்தான், பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரிட்டோதான் என்னை உலுக்கி எழுப்பினார். "அக்கா, அழுதா ஆகுமா, முதல்ல ஸ்கூலுக்குப் போவோம், வாங்க" என்று என்னையும் சபேசனையும் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் நான் திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். அந்த ஸ்கூலில் பத்து வருஷம் பேரண்ட்ஸ் மீட்டிங்கில் முதல் வரிசையில் உட்கார்ந்து மற்ற அம்மாக்களுக்கு உபதேசம் பண்ணினவள் நான், இப்போது போய்ப் பொய் சொன்னேன் என்று நிற்க வேண்டும். ஹெட்மிஸ்ட்ரஸ் புதிது, சின்னப் பெண், நல்ல பெண். அந்த வருஷத்து பாரங்களை எடுத்துவரச் சொன்னாள். கட்டுக் கட்டாக எழுநூறு எண்ணூறு பாரம் இருக்கும், எப்படித் தேடப் போகிறார்கள் என்று நான் மலைத்தேன். பழைய கிளார்க் ஒருவர் இருக்கிறார், அவர் சிரித்துக்கொண்டே, "ஜிலிபி கையெழுத்துதானே, இதோ" என்று பத்து நிமிஷத்தில் உருவிவிட்டார். இங்கே நம் தமிழ் எழுத்தை ஜிலேபி பிழிந்த மாதிரி இருக்கிறது என்று கேலி பண்ணுவார்களே, எனக்கு அதைக் கேட்டால் எப்போதும் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு அந்தக் கட்டு முழுவதிலும் தமிழில் இருந்த ஒரே கையெழுத்து என்னுடையதுதான், ஜெ. நாகலட்சுமி என்று வளைத்து வளைத்துப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் தேதியும் என் கையால் எழுதினதுதான். சர்டிபிகேட் என்ற கட்டத்தில் கோடு போட்டிருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் அதே பாரத்தின் கீழே நடந்ததை எழுதச் சொன்னாள். சபேசன் ஒவ்வொரு வார்த்தையாக இங்கிலீஷில் சொல்லிக் கொடுக்க, நான் எழுதினேன். என் மகன் 1977 ஜனவரி நாலாம் தேதி பிறந்தான், நான் தெரிந்தே தவறான தேதி கொடுத்தேன், இதில் என் கணவருக்கோ மகனுக்கோ பங்கில்லை. தெரிந்தே என்ற வார்த்தையை விட்டுவிடலாம் என்று சபேசன் சொன்னான், நான்தான் போடச் சொன்னேன். கீழே மறுபடியும் ஜிலேபி. ஹெட்மிஸ்ட்ரஸ் இரண்டு கையெழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கடிதம் டைப் அடிக்கச் சொன்னாள்.

அந்த அறையில் நம் தெரு டீச்சர் ஒருத்தி இருந்திருக்கிறாள், மறுநாள் காலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தலையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்று நினைத்தேன். எதிர்வீட்டு மிட்டு பௌதி சந்தேஷ் ஸ்வீட் டப்பாவோடு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் பெரிய பெண்ணுக்கு ஒரு வருஷம் கூட்டினதையும், சின்னவனுக்கு எட்டு மாதம் குறைத்ததையும் சொன்னாள். அடுத்த நாள் மாடி வீட்டுக்காரி வந்து வேறு ஒரு கணக்குச் சொன்னாள். நம் தெருவில் சரியான பிறந்த தேதியோடு இருப்பவர்கள் நாலு பேர் தேறமாட்டார்கள் போலிருக்கிறது. ஆனால் அதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை, அவர்கள் பிள்ளைகள் யாரும் ஒலிம்பிக் டீமுக்கு ஆடவில்லையே.

இனி இரண்டாவது காகிதம். கார்ப்பரேஷனில் பர்த் சர்டிபிகேட் வாங்கினோம், ஜனவரி நாலு என்று தெளிவாக இருந்தது, ஆனால் கொடுத்த தேதி 1999. தத்தா பாபு அதைத் தள்ளி வைத்துவிட்டார், நகல் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், எனக்குப் பழைய மசி வேண்டும் என்றார். ஜாதகத்தைக் காட்டலாமா என்று நான் கேட்டதற்கு சபேசன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பஞ்சாங்கத்தில் குறித்து வைத்திருந்தேன், அது வீடு மாறியபோது எங்கே போயிற்றோ. டிரங்குப் பெட்டி இரண்டையும் கவிழ்த்துக் கொட்டினோம், உன் மூணாம் வகுப்பு டிராயிங் வரைக்கும் கிடைத்தது, வேண்டியது கிடைக்கவில்லை. நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லாமல் இருப்பதே அப்பாவுக்குப் பெரிய வேலையாக இருந்தது போலிருக்கிறது. நாலைந்து நாள் இப்படியே போயிற்று. ஒரு காலை ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவர், பாதி முகத்தில் சோப்போடு அடுப்பங்கரைக்கு வந்து நின்று, "நாகு, அன்னிக்கு நான் லீவு எழுதிக் கொடுத்தேனோல்லியோ" என்றார்.

உன் அப்பாவின் வழக்கம் உனக்குத் தெரியும். ஒரு நாள் லீவு எழுதினாலும் சொந்த வேலை என்று நாலெழுத்தில் முடிக்க மாட்டார், இன்ன காரணம், இன்ன நேரம், இன்ன இடம் என்று ஒரு பக்கம் எழுதுவார். பல் வலி என்றால் எந்தப் பல் என்று எழுதுவார். நான் எத்தனை கேலி செய்திருப்பேன், ஹரிச்சந்திரனுக்கு வாழ்க்கைப்பட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன். 1977-ல் கப்பலில் இருந்தவருக்குப் பிள்ளை பிறந்த செய்தி தந்தியில் போய், அவர் எழுதிய லீவு விண்ணப்பம், அதைப் பார்த்து சர்வீஸ் புத்தகத்தில் ஏற்றின வரி, குடும்பத்தில் புது நபர் என்று போட்ட பதிவு, எல்லாம் போர்ட் ஆபீசில் இருக்க வேண்டும். ரிட்டயர் ஆகி எட்டு மாதம்தான் ஆகிறது, புத்தகம் பென்ஷன் செக்ஷனில்தான் இருக்கும். பாதி முகத்து சோப்பைத் துடைத்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மறு பாதியை ஷேவ் பண்ணவே இல்லை, ஆபீசில் எல்லோரும் கேட்டார்களாம்.

சாயங்காலம் அவரும் பிரிட்டோவும் திரும்பி வந்தார்கள். அப்பா முதலில் காபி கேட்டார். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, பிரிட்டோவைப் பார்த்து, "நீயே சொல்லு" என்றார். பிரிட்டோ, "அக்கா, ஜம்பு அண்ணன் லீவு லெட்டர்ல குழந்தை பொறந்த நேரத்தைக்கூட எழுதி வெச்சிருக்காரு" என்றார். 4-1-77 காலை ஏழு பத்துக்கு ஆண் குழந்தை, தாயும் சேயும் நலம், ஆறு நாள் லீவு வேண்டும். மூன்றாம் நாளே மேலதிகாரி கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், அதே தேதி சர்வீஸ் புத்தகத்திலும். புத்தகத்தை வெளியே கொடுக்க மாட்டார்கள், நகலில் இப்போதைய அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார், மூலத்தை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரியும் சேர்த்து. தாயும் சேயும் நலம் என்று இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அவர் எழுதின அந்த வரியைப் படித்ததும் எனக்கு அடுப்பங்கரைக்குள் போய் நிற்க வேண்டியிருந்தது. இனிமேல் அவர் எதை எழுதினாலும் நான் கேலி செய்ய மாட்டேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன், இரண்டு நாள் காப்பாற்றினேன்.

புதன்கிழமை நாங்கள் நாலு பேரும் போனோம். தத்தா பாபு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஸ்கூல் கடிதத்தையும் லீவு லெட்டரையும் எவ்வளவு நேரம் பார்த்தார் என்கிறாய். நடுவில் எழுந்துபோய் போர்ட் ஆபீசுக்கு போன் பண்ணிவிட்டு வந்தார். அப்புறம் சபேசனை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் வழியில் எத்தனையோ பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். ஒரு வருஷம் வீணாகிவிடும் என்று பயந்தேன் என்று மட்டும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாஷிமா, இருபது வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். பிள்ளைக்கு வயசைக் குறைச்சவங்களைத்தான் பார்த்திருக்கிறேன், கூட்டின அம்மாவை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சிவப்புப் பேனாவால் தன் ரிஜிஸ்டரில் டிசம்பர் முப்பதை அடித்து மேலே ஜனவரி நாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சிவப்பு மசி காய்கிற வரைக்கும் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதோடு முடியவில்லை, ஆடலாம் என்று சொன்னதுதான், எடுப்பார்களா என்பது வேறு. வியாழனும் வெள்ளியும் செலக்ஷன் ஆட்டம். லெஃப்ட் பேக் இடத்துக்கு மூன்று பேர் போட்டி. அதை நான் போய்ப் பார்க்கவில்லை, லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்குகிறேன் என்று கிளம்பிப் போய், வாங்காமலே திரும்பி வந்தேன்.

நேற்று பட்டியல் ஒட்டினதும் பிரிட்டோ ஓடி வந்து சொல்லி, நானும் அப்பாவும் போய்ப் பார்த்தோம். பெயருக்கு நேரே பிறந்த தேதியும் டைப் அடித்திருந்தார்கள், 04-01-1977. அவன் பிறந்ததிலிருந்து வெளியாட்கள் பார்க்கும்படி அந்தத் தேதி எழுதப்பட்டது இதுதான் முதல் தடவை. நான் பெயரைப் பார்த்ததைவிட அந்தத் தேதியைத்தான் அதிகம் பார்த்தேன். அப்பா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார், மெல்போர்னில் 1956-ல் நம் டீம் நாலாவதாக வந்ததாம், அறுபதுக்கு அப்புறம் ஒலிம்பிக் பக்கமே போகவில்லையாம், சிட்னியும் அதே தேசம்தானாம். இவர்கள் முதல் சுற்றையாவது தாண்டுவார்களா என்று யாருக்கும் தெரியாது, பேப்பரில் அவ்வளவு நம்பிக்கையாக ஒன்றும் எழுதவில்லை. அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. ஜெயிப்பதும் தோற்பதும் அவர்கள் காலில் இருக்கிறது, என் கையெழுத்து இனிமேல் குறுக்கே நிற்காது, எனக்கு அது போதும். பிரிட்டோ வேண்டுமென்றே ஒரு கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார், கையெழுத்துக்குக் காணிக்கையாம். அப்பாவுக்கு சர்க்கரை இருநூறைத் தாண்டியிருக்கிறது, அதையும் மீறி இரண்டு தின்றார்.

இன்னொன்றும் எழுத வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் சபேசனிடம், என்னை மன்னித்துவிடடா என்று சொன்னேன், நானும் அம்மாதானே, சொல்ல வாய் வர இத்தனை நாளாயிற்று. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த வருஷம் நீ சேர்க்கலைன்னா நான் கிளாஸ்ல ரோஹித் பக்கத்துல உட்கார்ந்திருக்க மாட்டேன். அவன்தான் என்னை முதல்ல மைதானத்துக்குக் கூட்டிண்டு போனான். அவன் இல்லேன்னா எனக்குப் பந்தே கிடையாதும்மா" என்றான். பார்த்தாயா, அவன் இப்படிப் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டான். எனக்குத்தான் அதை அப்படியே வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. தப்புக்கு நல்ல பலன் கிடைத்துவிட்டது என்பதால் தப்பு சரியாகிவிடுமா, தெரியவில்லை, நீ படித்தவள், யோசித்து எழுது.

இப்போது உன் கடிதம். தீசிஸ் முடிக்க இன்னும் ஒரு வருஷம் வேண்டும், அதுவரை வரன் பேச்சு வேண்டாம் என்று கேட்டிருந்தாய். அதற்கு முன் நான் எழுதின கடிதத்தில் என்ன எழுதினேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பத்மநாபன் மாமா சொன்ன பெங்களூர் வரன் காத்திருக்காது, இருபத்தாறு முடிந்துவிட்டது, ஒரு வருஷம் வீணாகிவிடும் என்று எழுதினேன். அதே வார்த்தை மாதவி, ஒரு எழுத்து மாறாமல் அதே வார்த்தை. தத்தா பாபு முன்னால் என் வாயிலிருந்து அது வந்தபோதுதான் என் காதிலேயே விழுந்தது. உனக்கும் சபேசனுக்கும் வருஷம் வீணாகிவிடக்கூடாது என்று ஓடி ஓடி, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று நான் நின்று பார்த்ததே இல்லை போலிருக்கிறது. இன்று காலை லேக் மார்க்கெட்டில் மாமாவைப் பார்த்து, அவர்கள் காத்திருக்க வேண்டாம், வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், சரியாகிவிடுவார். அப்பாவிடம் சொன்னேன், அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எனக்கும் சேர்த்து காபி கலந்துகொண்டு வந்தார். அந்த மனுஷர் காபி கலந்து நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் இருக்காதே, அங்கே வெந்நீருக்கு என்ன குறைச்சல். லேப்பில் வேலை இருக்கிறது என்று ரொட்டியும் காபியுமாக நாளை ஓட்டாதே. தம்பிக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பு, முதல் ஆட்டம் மே மாதம் என்கிறார்கள், அதற்குள் வந்து சேரும்படி போடு. இன்னும் இரண்டு நாளில் அவன் கேம்ப்புக்குப் போய்விடுவான், அப்புறம் வீட்டில் நானும் அப்பாவும்தான். நாளைக்குக் காரடையான் நோன்பு. உறைக்குள் மஞ்சள் சரடு ஒன்று வைத்திருக்கிறேன், கடிதம் வருவதற்குள் நோன்பு போய்விடும், கட்டிக்கொண்டாலும் சரி, புத்தகத்தில் அடையாளம் வைத்துக்கொண்டாலும் சரி, நான் கேட்க மாட்டேன்.

நீயும் தம்பியும் தீர்க்காயுசாக, நினைத்தது முடித்து, மனசு குளிர்ந்து இருக்க வேண்டும் என்று தினமும் சுவாமிக்கு விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு அந்த வரிசையில் சரியான தேதியைச் சொன்னவள் நீ ஒருத்திதான், நான் உன்னைக் கிள்ளினேன். இந்தத் தடவையும் நீ சொல்வதுதான் சரியாக இருக்கும். உன் ஒரு வருஷத்தை எடுத்துக்கொள் அம்மா.

இப்படிக்கு, கிள்ளின கையாலேயே இதை எழுதும்
உன் அம்மா,
ஜெ. நாகலட்சுமி

பி.கு. அப்பா படித்துப் பார்த்துவிட்டு, குழந்தை பிறந்தது ஏழு பத்துக்கு இல்லை, ஏழு பன்னிரண்டுக்கு, லீவு லெட்டரில் அப்படித்தான் எழுதினேன் என்கிறார். திருத்திக்கொள்.